யூட்யூப்பில் ஏற்றிய வீடியோவிற்கு யார் பொறுப்பு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் சென்று பார்க்கும் தளங்களில் ஒன்று யூட்யூப். சில நாட்கள் மற்றவர்களின் வீடியோக்களைப் பார்த்த பின்னர், நாமும் ஒன்றை ஏற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். வீட்டு விசேஷம், பள்ளி ஆண்டு விழா, ஊர்த் திருவிழா என மொபைல் போனில் எடுத்த வீடியோ பைல்கள் நம் எல்லாரிடமும் உள்ளன. அவற்றில் ஒன்றை அப்லோட் செய்கிறோம். சிறிது நேரத்தில், உங்கள் வீடியோவில் காப்புரிமை உள்ள பாடல் ஒன்று இருக்கிறது என்று தளத்திலிருந்து அறிவிப்பு வருகிறது. சிலர் இதனைக் கண்டு பயந்து, போலீஸ் கேஸ் ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். சிலர் கண்டு கொள்வதே இல்லை. இரண்டுமே சரியல்ல.

இந்த அறிவிப்பு ஏன் வருகிறது, இதற்குப் பின்னால் உள்ள சட்டம் என்ன, பல கோடி டாலர் கேட்டு நடந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் என்ன கூறின, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கு பார்ப்போம்.

ஒரு வீடியோ, மூன்று பேர்

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். காப்பிரைட் எனப்படும் காப்புரிமை, ஒரு பாடலையோ, படத்தையோ, நிகழ்ச்சியையோ உருவாக்கியவருக்கு அல்லது அவரிடம் உரிமை பெற்ற நிறுவனத்திற்குச் சட்டம் தரும் உரிமை. அதனைப் பிரதி எடுக்கவும், பொதுமக்களுக்கு வழங்கவும் அவருடைய அனுமதி வேண்டும்.

வீடியோ பகிர்வு தளத்தில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். படைப்பின் உரிமையாளர் ஒருவர். அதனை அப்லோட் செய்பவர் ஒருவர். அந்த பைலைத் தன் சர்வரில் வைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் காட்டுகின்ற தளம் மூன்றாவது. அனுமதியின்றி அப்லோட் செய்தவர் பொறுப்பாளி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது கடினம். தளமோ கண்ணுக்குத் தெரிகிறது. அதனிடம் பணமும் இருக்கிறது. எனவே உரிமையாளர் தளத்தின் மீது வழக்குப் போடுகிறார். தளம், "நான் இடம் மட்டுமே கொடுத்தேன். உள்ளே என்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது" என்கிறது.

லாட்ஜ் உதாரணத்தைப் பார்ப்போம். அறையில் தங்கியவர் திருட்டுப் பொருளை வைத்திருந்தால் லாட்ஜ் உரிமையாளரைக் கைது செய்வதில்லை. ஆனால் அந்த அறையில் திருட்டுப் பொருள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தால்? "தெரியுமா, தெரியாதா?" என்ற இந்தக் கேள்வியைச் சுற்றியே வழக்குகள் நடந்தன.

1998 ஆம் ஆண்டுச் சட்டம்

யூட்யூப் பிறப்பதற்கு முன்பே அமெரிக்கா இதற்கு ஒரு சட்டம் இயற்றியது. 1998 ஆம் ஆண்டில் வந்த டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் ஆக்ட், சுருக்கமாக டி.எம்.சி.ஏ. இதன் 512 ஆவது பிரிவு, பயனாளர்கள் ஏற்றும் பைல்களைச் சேமித்து வைக்கும் தளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. புயலில் கப்பல் ஒதுங்கும் துறைமுகம் போல என்பதால் இதற்குப் பாதுகாப்புத் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துறைமுகத்தில் நுழையச் சில நிபந்தனைகள் உண்டு.

1. குறிப்பிட்ட ஒரு பைல் காப்புரிமையை மீறுகிறது என்று தளத்திற்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவுடன் தாமதமின்றி நீக்க வேண்டும்.

2. உரிமையாளர் முறைப்படி புகார் அனுப்பினால் அந்த பைலை விரைவாக நீக்க வேண்டும். புகார் பெறுவதற்கு ஒருவரை நியமித்து, அவரைப் பற்றிய விவரத்தை வெளியிட வேண்டும்.

3. மீறலைக் கட்டுப்படுத்தும் உரிமையும் திறனும் தன்னிடம் இருக்கையில், அந்த மீறலிலிருந்து நேரடியாகப் பணம் பார்க்கக் கூடாது.

4. திரும்பத் திரும்பத் தவறு செய்பவர்களின் அக்கவுண்ட்டை மூடும் கொள்கை வேண்டும்.

இந்தப் பாதுகாப்பைப் பெறுவதற்காகத் தளம் ஒவ்வொரு பைலையும் தானாகக் கண்காணிக்க வேண்டியதில்லை என்றும் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பை இழந்தாலோ நிலைமை மோசம். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்பிற்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயிரக்கணக்கான படைப்புகள் என்றால் எந்த நிறுவனமும் தாங்காது.

யூட்யூப் மீது வழக்கு

பேபால் நிறுவனத்தில் வேலை பார்த்த சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவரும் 2005 பிப்ரவரியில் யூட்யூப்பைத் தொடங்கினார்கள். முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அதில் கரீம் சான் டீகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளின் முன் நின்று பேசுகிறார். இப்படி வீட்டு வீடியோக்களுக்காக வந்த தளத்தில், சில மாதங்களிலேயே டி.வி. நிகழ்ச்சிகளும் ஏறத் தொடங்கின. 2006 மார்ச்சில், ஒரு வீடியோ 10 நிமிடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று யூட்யூப் வரம்பு வைத்தது. முழு நிகழ்ச்சிகளை ஏற்றுவதைத் தடுப்பதே நோக்கம். ஏற்றுபவர்கள் நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றினார்கள்.

2006 அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலர் மதிப்பில் யூட்யூப்பை வாங்குவதாக அறிவித்தது. எம்.டி.வி., நிக்கலோடியன், பாரமவுண்ட் பிக்சர்ஸ் ஆகியவற்றின் உரிமையாளரான வயாகாம் நிறுவனம், 2007 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் சுமார் 1 லட்சம் வீடியோக்களை நீக்கச் சொன்னது. அடுத்த வேலை நாளுக்குள் யூட்யூப் ஏறத்தாழ அனைத்தையும் நீக்கியது. ஆனால் பிரச்சினை அத்துடன் முடியவில்லை. 2007 மார்ச் 13 அன்று, 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வயாகாம் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அனுமதியில்லாத 1,50,000க்கும் மேற்பட்ட வீடியோக்கள் 150 கோடி முறை பார்க்கப்பட்டன என்பது அதன் குற்றச்சாட்டு.

இந்த வழக்கு நம்மைப் போன்ற சாதாரணப் பயனாளர்களையும் தொட்டது. 2008 ஜூலையில், யார் எந்த வீடியோவைப் பார்த்தார்கள் என்ற பதிவுகளை வயாகாமிடம் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். பயனாளர் பெயர், ஐ.பி. முகவரி எல்லாம் அதில் இருந்தன. பெரிய எதிர்ப்பு எழுந்த பின்னர், ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்துக் கொடுக்க இரு தரப்பும் ஒத்துக் கொண்டன.

2010 ஆம் ஆண்டு யூட்யூப் வேறொரு விஷயத்தை வெளியிட்டது. வயாகாம் தன் நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் தேடி, குறைந்தது 18 மார்க்கெட்டிங் நிறுவனங்கள் மூலம் தானே யூட்யூப்பில் வீடியோக்களை ஏற்றியது என்று கூறியது. ஒரே நிகழ்ச்சியின் இரண்டு வீடியோக்களில் எது அனுமதியுடன் வந்தது, எது திருட்டு என்று பைலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பது யூட்யூப்பின் வாதம். தன் ஆட்களே ஏற்றிய சில வீடியோக்களையும் வயாகாம் வழக்கில் சேர்த்து, பின்னர் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

2010 ஜூன் 23 அன்று நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் யூட்யூப்பிற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தளத்தில் மீறல்கள் பரவலாக உள்ளன என்ற பொதுவான அறிவு மட்டும் போதாது, எந்த வீடியோ என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அப்போது ஒவ்வொரு நிமிடமும் 24 மணி நேர அளவுக்கு வீடியோக்கள் யூட்யூப்பில் ஏறிக் கொண்டிருந்தன.

வயாகாம் மேல்முறையீடு செய்தது. 2012 ஏப்ரல் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், குறிப்பிட்ட வீடியோ பற்றிய அறிவு வேண்டும் என்பதை ஏற்றுக் கொண்டது. ஆனால் சில நிகழ்ச்சிகளைப் பற்றி யூட்யூப் ஆட்கள் தமக்குள் எழுதிய இமெயில்கள் இருப்பதைச் சுட்டிக் காட்டியது. தெரிந்து கொள்ளாமல் இருப்பதற்காகவே கண்ணை மூடிக் கொண்டால், அதனையும் தெரிந்ததாகவே கருதலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2013 ஏப்ரல் 18 அன்று ஸ்டான்டன் மீண்டும் யூட்யூப் பக்கமே தீர்ப்புச் சொன்னார். எந்தெந்த வீடியோக்கள் பற்றித் தளத்திற்குத் தெரிந்திருந்தது என்று வயாகாமால் காட்ட முடியவில்லை. 2014 மார்ச்சில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்து கொண்டன. ஏழு ஆண்டு வழக்கு முடிந்தது.

கூகுள் பெரிய நிறுவனம். ஏழு ஆண்டுகள் வழக்கறிஞர்களுக்குப் பணம் கொடுக்க முடிந்தது. எல்லாருக்கும் அது முடியாது. வியோ என்ற வீடியோ தளத்தின் மீது யுனிவர்சல் மியூசிக் வழக்குப் போட்டது. 2009 ஆம் ஆண்டு நீதிமன்றம் வியோவிற்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் 2010 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலாகி விட்டது. மேல்முறையீட்டிலும் அதற்கே வெற்றி கிடைத்தது. அந்த வெற்றியை அனுபவிக்கத்தான் நிறுவனம் இல்லை.

சாப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வழக்கு நடந்து கொண்டிருந்தபோதே, 2007 அக்டோபரில், யூட்யூப் ஒரு சாப்ட்வேரைக் கொண்டு வந்தது. இதுவே இன்று கன்டென்ட் ஐடி எனப்படுகிறது. உங்களுக்கு வரும் அறிவிப்பு பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

இவ்வகை சாப்ட்வேர் செயல்படும் விதம் கைரேகைப் பரிசோதனை போன்றது. பாடல் நிறுவனம் தன் பாடல்களை முன்னதாகவே தளத்திடம் கொடுத்து வைக்கிறது. சாப்ட்வேர் ஒவ்வொரு பாடலையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்று கணக்கிட்டு எண்களாகச் சேமிக்கிறது. இதுவே அந்தப் பாடலின் கைரேகை. நீங்கள் வீடியோவை அப்லோட் செய்யும்போது அதிலிருந்தும் கைரேகை எடுக்கப்பட்டு, சேமித்து வைத்தவற்றுடன் ஒப்பிடப்படுகிறது. பைலின் பெயரை மாற்றினாலும், பார்மட்டை மாற்றினாலும் ஒலி அதேதான் என்பதால் கைரேகை பொருந்தி விடும். கல்யாண மண்டபத்தில் பின்னணியில் ஓடிய பாடல்கூட மாட்டிக் கொள்வதற்கு இதுவே காரணம்.

பொருந்தினால் உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வீடியோவைத் தடுக்கலாம், அதில் விளம்பரம் காட்டி வருமானத்தைத் தான் பெறலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கலாம்.

இந்த சாப்ட்வேருக்கு ஒலி பொருந்துகிறதா என்று மட்டுமே தெரியும். நீங்கள் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, விமர்சனத்திற்காகச் சில விநாடிகள் எடுத்துக் காட்டினீர்களா என்பதெல்லாம் தெரியாது. சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவை எடுக்க மனிதர் வேண்டும்.

மனிதர்களும் தவறு செய்வதுண்டு. 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் ஆடும் 29 விநாடி வீடியோவை ஏற்றினார். பின்னணியில் பிரின்ஸ் என்ற பாடகரின் பாடல் மெல்லக் கேட்டது. யுனிவர்சல் நிறுவனம் புகார் செய்து அதனை நீக்க வைத்தது. அந்தத் தாய் வழக்குப் போட்டார். புகார் அனுப்பும் முன், இது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடுதானா என்று உரிமையாளர் யோசித்துப் பார்க்க வேண்டும் என 2015 ஆம் ஆண்டு நீதிமன்றம் கூறியது.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 2019 ஆம் ஆண்டு வந்த காப்புரிமை விதிமுறையின் 17 ஆவது பிரிவின்படி, பெரிய தளங்கள் உரிமையாளர்களிடம் அனுமதி பெற முயல வேண்டும். அனுமதி கிடைக்காத படைப்புகள் தளத்தில் வராமல் இருக்கத் தம்மால் ஆன முயற்சிகளையும் செய்ய வேண்டும். இல்லையெனில் தளமே பொறுப்பு. புதிதாகத் தொடங்கிய சிறிய தளங்களுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு.

இந்தியாவில் நிலை என்ன?

நம் நாட்டில் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79 ஆவது பிரிவு தளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. காப்புரிமைச் சட்டம் 1957 உரிமையாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. இரண்டும் மோதிய வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. டி சீரிஸ் என்ற பெயரில் பாடல்களை வெளியிடும் சூப்பர் கேசட்ஸ் நிறுவனம் மைஸ்பேஸ் தளத்தின் மீது வழக்குப் போட்டது. 2011 ஆம் ஆண்டு தனி நீதிபதி மைஸ்பேஸிற்கு எதிராக உத்தரவிட்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை மாற்றியது. பாடல்களின் நீண்ட பட்டியலைக் கொடுத்தால் மட்டும் போதாது, தளத்தில் எந்த இடத்தில் உள்ள எந்தப் படைப்பு என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றது. சொன்ன பின்னர் தளம் நீக்க வேண்டும்.

2012 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனை ஒட்டி 2013 ஆம் ஆண்டு வந்த விதிகளும் ஒரு கால அளவைத் தருகின்றன. முறையான புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்திற்குள் நடவடிக்கை எடுத்து, 21 நாட்கள் வரை அந்த பைலைத் தடுத்து வைக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு பெற்று வராவிட்டால் தளம் அதனை மீண்டும் திறந்து விடலாம்.

தளத்திற்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு அப்லோட் செய்தவருக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம். தெரிந்தே காப்புரிமையை மீறுவது இந்தியச் சட்டத்தின் 63 ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் அதில் கூறப்பட்டுள்ளன. புதிய சினிமாப் படத்தை முழுதாக ஏற்றுபவர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். கன்டென்ட் ஐடி கிளைம் என்பது வேறு. காப்பிரைட் ஸ்டிரைக் என்பது வேறு. கிளைம் வந்தால் அந்த வீடியோவிற்கு மட்டுமே பொதுவாகப் பாதிப்பு. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்து வீடியோ நீக்கப்படும்போது வருவது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் அக்கவுண்ட்டே மூடப்படலாம். உங்கள் மற்ற வீடியோக்களும் அத்துடன் போய்விடும்.

2. எனவே யூட்யூப்பை மட்டும் நம்பி வீடியோக்களை வைக்க வேண்டாம். ஒரிஜினல் பைல்களை உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும், வெளியே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் பேக்கப் எடுத்து வையுங்கள்.

3. பாடலால் மட்டும் கிளைம் வந்திருந்தால் வீடியோவை அழிக்க வேண்டியதில்லை. யூட்யூப் ஸ்டூடியோவில் அந்தப் பகுதியை வெட்டவும், பாடலின் ஒலியை நிறுத்தவும், வேறு இசையை மாற்றி அமைக்கவும் வசதி உண்டு. யூட்யூப்பின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகப் பயன்படுத்தக் கூடிய இசை கிடைக்கிறது. சிலவற்றிற்கு உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

4. "காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை", "பாடல் உரிமை அந்த நிறுவனத்திற்கே" என்று வீடியோவின் கீழ் எழுதி வைத்தால் பிரச்சினை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது அனுமதி ஆகாது. சி.டி.யைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அதனை இணையத்தில் ஏற்றும் உரிமை உங்களுக்குக் கிடைப்பதில்லை. வீடியோவைப் பிரைவேட் என்று அமைத்தாலும் சாப்ட்வேர் பரிசோதிக்கும்.

5. கிளைம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஆட்சேபணை தெரிவியுங்கள். உங்கள் மகள் பாடிய பழைய கீர்த்தனையை யாரோ ஒரு நிறுவனத்தின் ரெகார்டிங் என்று சாப்ட்வேர் தவறாகக் காட்டியிருக்கலாம். கிளைம் செய்தவர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் ஸ்டிரைக்கை எதிர்த்து எதிர்ப்பு நோட்டீஸ் தருவது சட்ட நடவடிக்கை. உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த் தரப்பிற்குப் போகும். யோசித்துச் செய்யுங்கள்.

6. நீங்களும் உரிமையாளர்தான். நீங்கள் எடுத்த வீடியோவை வேறொருவர் தன்னுடையது போல ஏற்றியிருந்தால் நீங்களும் புகார் தரலாம். அந்த வீடியோவின் இணைய முகவரியைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். பொய்ப் புகார் கொடுப்பது குற்றமாகலாம்.

ஒவ்வொரு பைலையும் முன்கூட்டியே பரிசோதித்த பின்னரே காட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னால், அந்த அளவுக்குச் செலவு செய்யக் கூடிய இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் வீடியோ தளம் நடத்த முடியாது. தளத்திற்குப் பொறுப்பே இல்லை என்று விட்டால், ஒரு பாடலுக்காக உழைத்த இசைக் கலைஞர் ஆயிரம் பிரதிகளின் பின்னால் தனியாக ஓட வேண்டி வரும். சொன்னால் நீக்கு, தவறாக நீக்கினால் திருப்பிக் கொடு என்ற ஏற்பாடு இந்த இரண்டிற்கும் நடுவே உள்ளது. இது சரியாக நடக்க, புகார் கொடுப்பவர், தளம், அப்லோட் செய்பவர் ஆகிய மூவரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். நம் பங்கு, அப்லோட் பட்டனை அழுத்தும் முன், இதில் உள்ளவை யாருடையவை என்று ஒரு நிமிடம் பார்த்துக் கொள்வதே.